பிங்க் டோ சிலந்திக்கு ஈரத்தை விடக் காற்று முக்கியம்

கனடாவிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: செல்லப்பிராணிக் கண்காட்சியில் வாங்கிய பிங்க் டோ டாரண்டுலா என்ற மரவாழ் பெருஞ்சிலந்தியின் குட்டி இரண்டு வாரமாக இரையைத் தொடவில்லை. பெட்டியின் மூடியை ஒட்டியே எந்நேரமும் கிடக்கிறது. ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது என்று விற்றவர் சொன்னதால் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறார். பெட்டிச் சுவரில் நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கிறது, அடியில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கிறது. சிலந்திக்கு நோயா? பிங்க் டோ என்று சொல்லி விற்றார்கள், கால் நுனி கறுப்பாக இருக்கிறதே, வேறு எதையோ தந்துவிட்டார்களா? இதை நன்றாக வளர்த்துவிட்டால் அடுத்து பொசிலோதீரியா என்ற வேறு வகை மரச் சிலந்தி ஒன்றை வாங்கலாமா?

முதல் கேள்விக்குத்தான் அவசரம். தண்ணீர் தெளிப்பதை இன்றே நிறுத்துங்கள். பூஞ்சை பிடித்த மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு, பெட்டியைத் துடைத்து, காய்ந்த தேங்காய் நார்த்தூளைப் பரப்புங்கள். சிறிய பாட்டில் மூடி ஒன்றில் தண்ணீர் வையுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் சிலந்தி இன்னும் நோயில் விழவில்லை, காற்றைத் தேடுகிறது என்றுதான் தோன்றுகிறது. இந்த வகைகள் மேலே தங்குவது இயல்புதான். ஆனால் நலமாக இருக்கும் பிங்க் டோ மேலே போனால் இலையையும் மரப்பட்டையையும் இழுத்துக் கட்டி ஒரு பட்டுக் குழாய் பின்னி அதற்குள் உட்கார்ந்துகொள்ளும். வலையே பின்னாமல், மூடித் துளைகளில் உடலைப் பதித்துக்கொண்டு இரவிலும் நகராமல் கிடந்தால், பெட்டிக்குள் காற்று கெட்டுப் போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விற்றவர் மேல் கோபப்பட வேண்டாம். அவர் சொன்னது பழைய வளர்ப்புக் குறிப்புகளில் எல்லாம் இருப்பதுதான். அவிகுலாரியா அவிகுலாரியா என்ற இந்த இனத்தின் ஊர் கயானா, சுரினாம், பிரெஞ்சு கயானா, பிரேசிலின் வடபகுதி, டிரினிடாட் தீவு ஆகியவை. மழைக்காட்டுச் சிலந்தி என்று கேட்டவுடன் ஈரம் வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் இது காட்டின் தரையில் வாழ்வதில்லை. மரத்தண்டின் பொந்தில், பனைக் குடும்ப மரங்களின் மட்டை இடுக்கில், சுருண்ட இலைக்குள், அந்த ஊர்களில் வீட்டு இறவாணத்தில்கூட வாழ்கிறது. மழை கொட்டும். பிறகு வெயிலும் காற்றும் வந்து இலையையும் பட்டையையும் உலர்த்திவிடும். நாம் காட்டின் ஈரத்தை மட்டும் பெட்டிக்குள் கொண்டுவந்துவிட்டு, காட்டின் காற்றை வெளியே விட்டுவிடுகிறோம். நேற்று வரை ஓடியாடிய குட்டி காலையில் செத்துக் கிடக்கும் கதையை இந்தச் சிலந்தியை வளர்ப்பவர்கள் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவிகுலாரியாவை ‘அவிக்’ என்று சுருக்கி, ‘திடீர் அவிக் மரணம்’ என்று அதற்கு ஒரு பெயரே வைத்திருந்தார்கள். தெளிப்பதைக் குறைத்துக் காற்றோட்டத்தைக் கூட்டியவர்களிடம் அந்தக் கதை அரிதாகிவிட்டது.

சிலந்தி மூச்சு விடும் விதத்தை அறிந்தால் இது இன்னும் தெளிவாகும். அதற்கு நம்மைப் போல நெஞ்சை விரித்துக் காற்றை இழுக்கும் வசதி கிடையாது. வயிற்றின் அடிப்பக்கம் இரண்டு இணை புத்தக நுரையீரல்கள் உள்ளன. ஏடு ஏடாக அடுக்கிய மெல்லிய தகடுகள், நடுவில் காற்று இடைவெளி, அவ்வளவுதான். வெளியே இருக்கும் காற்று தானாகப் பரவி உள்ளே போக வேண்டும். பெட்டிக் காற்று அசையாமல் நின்று, அதில் பூஞ்சையும் பாக்டீரியாவும் செழித்தால், சிலந்திக்கு அதிலிருந்து தப்ப வழியில்லை.

ஆகவே பெட்டியை மாற்றுங்கள். நீங்கள் வைத்திருப்பதில் மேலே மட்டும் கம்பி வலை இருக்கிறது. அது போதாது. எதிரெதிர்ச் சுவர்களில் துளை வேண்டும், ஒரு பக்கம் கீழேயும் மறுபக்கம் மேலேயும். அப்போதுதான் காற்று பெட்டியின் உள்ளே குறுக்காக ஓடும். கண்ணாடியில் துளை போடுவது பெரும்பாடு. பிளாஸ்டிக் அல்லது அக்ரிலிக் பெட்டியில் சூடான சாலிடரிங் குச்சியாலேயே போட்டுவிடலாம், சிலந்தியை வெளியே வைத்துவிட்டு, புகை நாற்றம் முழுவதும் போன பிறகு உள்ளே விட வேண்டும். துளையின் அகலம் சிலந்தியின் முதுகோட்டை விடச் சிறியதாக இருக்கட்டும். வயிறு மென்மையானது, நசுங்கி வந்துவிடும். கெட்டியான முதுகோடு நுழையாத இடத்தில் சிலந்தியும் நுழையாது. கம்பி வலை மூடியை விட்டுவிடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதன் கால் நுனியில் நுண்ணிய நகங்கள் இருக்கின்றன. அவை கம்பியின் கண்களில் சிக்கிக்கொண்டால் சிலந்தி தலைகீழாகத் தொங்கிப் போராடி, கடைசியில் காலையே கழற்றிப் போட்டுவிடும்.

இன்னொன்று, திறப்பு எந்தப் பக்கம் என்பது. மரச் சிலந்தி மேல் மூலையில்தான் வலை கட்டும். மூடி மேலே இருந்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதன் வீடு கிழியும், சிலந்தியும் உங்கள் கைக்கு நேராக வந்து நிற்கும். முன்பக்கக் கதவு உள்ள பெட்டி இருவருக்கும் நல்லது. குட்டிகளுக்கு ஒரு எளிய ஏற்பாடு உண்டு: திருகு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து, மூடியைத் தரையாக்கி, சுவர்களில் துளை போட்டு வளர்ப்பது. குட்டி மேலே வலை கட்டும், நீங்கள் கீழிருந்து திறந்து இரை போடலாம். முழு வளர்ச்சி அடைந்த பெண் சிலந்தி கால்களை விரித்தால் 12 முதல் 15 செ.மீ. வரை இருக்கும். அதற்கு 20 செ.மீ. நீள அகலமும் 30 செ.மீ. உயரமும் உள்ள பெட்டி தாராளம். உள்ளே சாய்த்து நிறுத்திய கார்க் பட்டை ஒன்றும், அதன் மேல்முனையை மறைக்கும்படி சில பிளாஸ்டிக் இலைகளும் வையுங்கள். வலை கட்டப் பிடிமானமும் ஒளிந்துகொள்ள மறைவும் கிடைத்தால் போதும், பெரும்பாலும் சில நாள்களிலேயே அது தன் வீட்டைக் கட்டத் தொடங்கிவிடும்.

இதைப் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் போய்விடாதீர்கள். காற்றோட்டம் என்றால் வறட்சி என்று பொருளல்ல. உங்கள் ஊர்க் குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் ஓடும்போது அறைக் காற்று மிகவும் வறண்டுவிடும். அப்போது தண்ணீர்க் கிண்ணம் ஒரு நாளும் காலியாக இருக்கக் கூடாது. நார்த்தூளின் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைக்கலாம், மீதி காய்ந்தே இருக்கட்டும். வேண்டுமானால் துளைகளில் சிலவற்றை டேப் ஒட்டி மூடுங்கள். வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ மாலையில் வலையின் ஓரத்திலும் இலைகளிலும் சில துளிகள் விழும்படி தெளிக்கலாம். குட்டிகள் அந்தத் துளிகளை வலையிலிருந்தே குடிக்கும். மறுநாள் காலையில் அது உலர்ந்திருக்க வேண்டும், உலராவிட்டால் காற்றோட்டம் குறைவு என்று அறிந்துகொள்ளலாம். சிலந்தியின் மேலேயே தெளிக்காதீர்கள், அதை மிரட்டுவதைத் தவிர ஒரு பயனும் இல்லை. கிண்ணத்துக்குள் பஞ்சோ ஜெல்லோ போடச் சொல்வார்கள், வேண்டாம், அழுகி நாறும். ஈரப்பதமானி வாங்கிப் பணத்தை வீணாக்கவும் வேண்டாம். மலிவான முள் கருவிகள் காட்டும் எண்ணை நம்பித்தான் பலரும் பெட்டியைச் சேற்றுக் குட்டையாக்குகிறார்கள்.

தண்ணீர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அதன் கால்களைப் பாருங்கள். சிலந்தியின் காலில் முக்கியமான மூட்டுகளை மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை இல்லை. ஜேசிபியின் கையை எண்ணெய் அழுத்தம் தள்ளி நீட்டுவது போல, உடலில் ஓடும் திரவத்தின் அழுத்தம்தான் காலை நீட்டுகிறது. உடலில் நீர் வற்றினால் அழுத்தம் குறைந்து, கால்கள் உடலுக்கு அடியில் மடங்கிச் சுருளும், வயிறும் சுருங்கிச் சொட்டையாகத் தெரியும். அப்படிக் கண்டால் ஆழமில்லாத தட்டில் தண்ணீர் ஊற்றி, சிலந்தியின் முன்பகுதி மட்டும் நீரில் படும்படி மெல்ல வையுங்கள். வாய் நச்சுப்பற்களின் அடியில் இருக்கிறது. வயிற்றின் அடிப்பக்கம் நனையக் கூடாது, நுரையீரல் அங்கேதான். நீர் வற்றியதுதான் காரணம் என்றால் அசையாமல் வெகுநேரம் குடித்துக்கொண்டிருக்கும், பிறகு கால்கள் ஒவ்வொன்றாக விரியும். சோர்ந்த சிலந்தியை ஈரக் காகிதம் விரித்த மூடிய டப்பாவில் போட்டு ‘தீவிர சிகிச்சை’ செய்வது பழைய வழக்கம். பிங்க் டோவுக்கு அது கூடாது. எந்தப் புழுக்கத்திலிருந்து காப்பாற்ற நினைக்கிறோமோ அதிலேயே கொண்டுபோய் அடைப்பதாகிவிடும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உங்களை யாரும் ஏமாற்றவில்லை. இந்த இனத்தின் குட்டிகள் நிறத்தில் தலைகீழாகத்தான் பிறக்கின்றன: காலெல்லாம் இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. ஒவ்வொரு தோலுரிப்பிலும் உடல் கருமையாகிக்கொண்டே வந்து, வளர்ந்தபின் கருத்த உடலும் இளஞ்சிவப்பு நுனிக்காலும் அமையும். ஐரோப்பாவுக்கு இந்தச் சிலந்தியைக் காட்டியவர் மரியா சிபில்லா மெரியன் என்ற ஓவியர். 1699-ல் சுரினாம் போய், 1705-ல் வெளியிட்ட பூச்சிகள் நூலில், கொய்யாக் கிளையில் ஹம்மிங்பேர்டு என்ற சின்னப் பறவையைப் பிடித்துத் தின்னும் சிலந்தியை வரைந்தார். பெண் சொன்ன கதை என்று பின்னால் வந்த சிலர் அதை ஏளனம் செய்தார்கள். ஆனால் உயிர்களுக்கு அறிவியல் பெயர் சூட்டும் முறையை வகுத்த லின்னேயஸ், 1758-ல் பெயர் சூட்டும்போது, லத்தீனில் சிறு பறவையைக் குறிக்கும் சொல்லிலிருந்து அவிகுலாரியா என்று வைத்தார். உங்கள் பெட்டியில் இருக்கும் குட்டி பூச்சி தின்னும், பறவை பற்றிக் கவலை வேண்டாம். 2017-ல் புகுஷிமா, பெர்தானி என்ற இரு ஆய்வாளர்கள் இந்தப் பேரினத்தையே அலசி, பழைய பெயர்கள் பலவற்றைத் தள்ளி, மார்த்தினிக் தீவின் நீலக் குட்டிச் சிலந்தி உட்படச் சிலவற்றை வேறு பேரினங்களுக்கு மாற்றினார்கள். கடைச் சீட்டுகளில் இன்னும் பழைய பெயர்கள் ஓடுகின்றன, வாங்கும்போது அதைக் கவனியுங்கள்.

இரை எடுக்காமல் இருப்பதற்குத் தோலுரிப்பு நெருங்குவதும் காரணமாக இருக்கலாம். குட்டியின் வயிறு உருண்டு, கருத்து, மினுமினுப்பாகத் தெரிந்தால் அதுதான். வலைக் குழாயின் வாயைத் தடித்த பட்டால் அடைத்துக்கொள்ளவும் செய்யும். அடைத்தபின் அதைக் கிழித்து எட்டிப் பார்க்காதீர்கள், வாரக்கணக்கில் ஆனாலும் சரி. உள்ளே இரைப் பூச்சி எதுவும் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். தோலுரிக்கும் சிலந்தியை ஒரு சாதாரண சில்வண்டு கடித்தே கொன்றுவிடும்.

ஒளிபுகும் வலை வழியே பார்க்கக் கிடைத்தால் அது பெரிய பேறு. சிலந்தி பெரும்பாலும் மல்லாந்து கிடக்கும். முதலில் முதுகோடு ஒரு மூடி போல ஓரத்தில் பிளந்து தூக்கும். வயிற்றின் பக்கவாட்டிலும் பிளவு ஓடும். பிறகு உடல் விட்டு விட்டு அழுந்த அழுந்த, பழைய கால்களுக்குள்ளிருந்து புதிய கால்கள் மெல்ல உருவிக்கொண்டு வரும். வெளித்தோல் மட்டும் கழல்வதில்லை, உறிஞ்சும் இரைப்பையின் உள்படலமும் நுரையீரல் ஏடுகளின் மேற்படலமும் சேர்ந்தே வந்துவிடும். உடலில் நீர் குறைந்த சிலந்தி இந்த வேளையில்தான் சிக்கிக்கொள்கிறது, கால் பாதியில் நிற்கும். அதனால் தோலுரிப்புக்கு முந்தைய வாரங்களில் கிண்ணத்தில் நீர் இருப்பது மிக முக்கியம். மல்லாந்து கிடப்பதைப் பார்த்துச் செத்துவிட்டதென்று எடுத்து எறிந்தவர்கள் இருக்கிறார்கள். செத்த சிலந்தி பெரும்பாலும் கவிழ்ந்த நிலையில், கால்களை அடியில் சுருட்டிக்கொண்டு கிடக்கும். உரித்து முடித்ததும் நச்சுப்பற்கள் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், கடைசியில் கறுக்கும். கறுத்து இறுகும் வரை இரை வேண்டாம். குட்டிக்கு ஒரு வாரம், பெரியதற்கு இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உணவில் பெரிய நுணுக்கம் இல்லை. சிலந்தியின் வயிற்றை விடச் சிறிய சில்வண்டு அல்லது துபியா கரப்பான், குட்டிக்கு வாரம் ஒருமுறை, பெரியதற்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. மறுநாள் வரை தின்னாவிட்டால் எடுத்துவிடுங்கள். மாவுப்புழு மண்ணுக்குள் புதைந்துவிடும், மரச் சிலந்தி கீழே இறங்கி அதைத் தேடாது. புழுவின் தலையை நசுக்கிக் கொடுக்கலாம். வெப்பமும் அப்படியே: 22 முதல் 28 டிகிரி செல்சியஸ் போதும், நீங்கள் வசதியாக இருக்கும் அறையில் அதுவும் வசதியாக இருக்கும். பெட்டியின் அடியில் சூட்டுப் பாயோ மேலே சூட்டு விளக்கோ வேண்டாம்.

பூச்சி மருந்து விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தோட்டத்திலும் தெருவிளக்கடியிலும் பிடித்த பூச்சிகளை இரையாகப் போடாதீர்கள், எந்த மருந்து பட்டது என்று தெரியாது. கொசுவர்த்திச் சுருளும், சுவரில் செருகும் கொசுவிரட்டித் திரவமும், கரப்பான் ஸ்பிரேயும் பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்துகள். சிலந்தியின் நரம்பு அவற்றுக்கு விலக்கல்ல. பலர் மறப்பது நாய், பூனையின் கழுத்தில் விடும் உண்ணி மருந்து. அவற்றில் பல ஃபிப்ரோனிலோ, நாய் மருந்தானால் பெர்மெத்ரினோ கலந்தவை. நாயைத் தடவிய கையால் சிலந்தியின் தண்ணீர்க் கிண்ணத்தைத் தொட்டாலும் ஆபத்துதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சோப்பு போக நன்றாக அலசிவிட்டு வாருங்கள். சாம்பிராணியும் ஊதுபத்தியும் ஏற்றும் அறையிலும் பெட்டி வேண்டாம். சிலந்தி திடீரெனக் கால்களை உதறி உதறி, தள்ளாடி நடந்தால் நஞ்சு பட்டிருக்கிறதா என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். பெட்டியை வேறு அறைக்கு மாற்றி, மண்ணையும் கிண்ணத்தையும் மாற்றி, தண்ணீர் கொடுத்து, இருட்டில் அமைதியாக விடுங்கள். அதற்கு மேல் செய்ய மருந்தில்லை.

ஒரு நோயை மட்டும் அடையாளம் தெரிந்து வைத்திருங்கள். வாயைச் சுற்றி வெள்ளையாகப் பசை போல ஏதாவது படிந்து, சிலந்தி உணவை மறுத்து, நுனிக்காலில் தயங்கித் தயங்கி நடந்து, துர்நாற்றம் வந்தால், அது உருளைப்புழுத் தொற்று. கலிபோர்னியாவில் விற்பனைக்கு வளர்த்த டாரண்டுலாக்களில் கண்ட அத்தகைய புழு ஒன்றை கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாக ஆய்வாளர்கள் 2022-ல் டாரண்டோபெலஸ் ஜெஃப்டேனியல்சி என்று பெயரிட்டு விவரித்தார்கள். புழுக்கள் வாயில் குடியேறி நச்சுப்பற்களை இயக்கவிடாமல் செய்துவிடும், சிலந்தி மெல்ல மெல்லப் பட்டினியில் சாகும். நம்பத்தக்க சிகிச்சை கிடையாது. மற்ற சிலந்திகளைக் காப்பாற்றுவதே கையில் இருப்பது: அந்தப் பெட்டியைத் தனி அறைக்கு மாற்றுங்கள், அதன் இடுக்கியை வேறெங்கும் பயன்படுத்தாதீர்கள், கூன்முதுகுள்ள சின்ன ஈக்கள் நடமாடினால் உடனே ஒழியுங்கள். தின்று மிஞ்சிய சக்கையை அன்றன்றே எடுத்துவிடும் வீட்டில் இந்தத் தொல்லை வெகு அரிது. நார்த்தூளில் ஸ்பிரிங்டெயில் என்ற நுண்பூச்சிகளை விட்டால் பூஞ்சையையும் அவை தின்று தீர்க்கும்.

கையில் எடுத்து விளையாட வேண்டாம் என்பது என் கருத்து. பிங்க் டோ சாது. கடிப்பதைவிட, எட்டப் பாய்ந்து தப்புவதும் பின்பக்கத்தால் எச்சத்தைப் பீய்ச்சுவதும்தான் அதன் வழக்கம். வயிற்றில் உள்ள அரிப்பு முடிகளைக்கூட அது காற்றில் உதறாது, நம் தோலில் அழுத்தினால்தான் அரிக்கும். கெடுதல் நமக்கு அல்ல, அதற்குத்தான். கையிலிருந்து பாய்ந்து கடினமான தரையில் விழுந்தால் வயிறு பிளந்துவிடும், இதயமும் அங்கே இருப்பதால் பிழைப்பது கடினம். காலில் சிறு காயம் பட்டுத் திரவம் கசிந்தால் சோளமாவைத் தொட்டு வையுங்கள். கால் போய்விட்டாலும் அடுத்தடுத்த தோலுரிப்புகளில் வளர்ந்துவிடும்.

கடைசிக் கேள்வி பொசிலோதீரியா. அந்தப் பேரினம் முழுவதும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. ஆந்திரத்தின் குத்தி (Gooty) என்ற ஊரில் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்து 1899-ல் போகாக் என்ற ஆய்வாளர் விவரித்த நீலச் சிலந்தி பொசிலோதீரியா மெட்டாலிகாவும், ராமேசுவரத்தை ஒட்டிய சிறு வட்டாரத்தில் வாழ்ந்து 2004-ல் விவரிக்கப்பட்ட பொசிலோதீரியா அனுமாவிலாசுமிகாவும் மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இருக்கின்றன. புளிய மரத்தையும் பழைய பனையையும் வெட்டினால் அவற்றுக்குப் போக்கிடமில்லை. 2019 முதல் இந்தப் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. காட்டிலிருந்து பிடித்து வந்ததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஊரில் இருப்பவர்களிடம் சிலந்தியைப் பிடித்து அனுப்பச் சொல்வதும் அதே குற்றம்தான்.

வளர்ப்பில் பிறந்தவை கனடாவில் கிடைக்கும். ஆனால் பிங்க் டோவுக்கு அடுத்த படி அதுவல்ல. மின்னல் வேகம், அரிப்பு முடி கிடையாது, அதனால் தற்காப்புக்குக் கடிதான் இருக்கிறது. அந்தக் கடியால் நாள்கணக்கில் தசைப்பிடிப்பு வாட்டும். இரண்டு மூன்று வருடம் பிங்க் டோவை வளர்த்து, அதன் ஓட்டமும் பாய்ச்சலும் கைக்குப் பழகியபின், பெட்டியைத் திறக்குமுன் சிலந்தி எங்கே இருக்கிறது என்று பார்க்கும் வழக்கம் உங்களுக்கு வந்தபின் யோசியுங்கள். அப்போதும் விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, குட்டி எந்த வளர்ப்பாளரிடம் பிறந்தது, அதற்குச் சான்று இருக்கிறதா என்பதைத்தான்.